பேயா பிடித்தது, தனுஷ்கோடியை?

பேய் நகரமாம்! பொழுது சாய்ந்தால் அங்கே நிற்கக்கூடாதாம்! இடிந்த சுவரோரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றால், கடலுக்குள் போன புகைவண்டியின் ஊதல் இன்றும் கேட்குமாம்! சொல்கிறார்கள், சொல்வதோடு நில்லாமல், சொன்னதற்குக் கூலியும் பெறுகிறார்கள். கேட்கிறார்கள், கேட்டுச் சிலிர்த்துப்போய், சுவரின் முன்னே நின்று படமெடுத்துக்கொண்டு, சங்கு வாங்கிக்கொண்டு, ஊர் திரும்புகிறார்கள். தனுஷ்கோடி இரயில் நிலையத்துக்கு நாடு செய்துவரும் மரியாதை இதுதான்!

சென்ற விடுமுறையில் நம் பள்ளி மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு அங்கே போயிருந்தோம். வழிகாட்ட வந்தவர் பேய்க் கதையை ஏற்ற இறக்கத்தோடு சொல்லி முடித்தார். பிள்ளைகளில் பாதிப்பேர் நடுங்கினர், பாதிப்பேர் சிரித்தனர். ஒரே ஒரு மாணவன் மட்டும் நடுங்கவுமில்லை, சிரிக்கவுமில்லை. அவன் கேட்டான்: "ஐயா, இங்கே வேலை பார்த்தவங்க பேரெல்லாம் எங்கே எழுதியிருக்கு?"

வழிகாட்டி விழித்தார். அவரைக் குறை சொல்வானேன்? நாமும்தான் விழித்தோம். பேய்க்குக் கதை இருக்கிறது. வில்லுக்குக் கதை இருக்கிறது. அணைக்குக் கதை இருக்கிறது. கொடி பிடித்தவனுக்கும், கரி அள்ளிப் போட்டவனுக்கும், மூட்டை சுமந்தவனுக்கும் கதை இல்லை! அந்தப் பிள்ளையின் கேள்விக்குக் கடன்பட்டவராய் இதை எழுதுகிறோம்.

தனுஷ்கோடி என்றதும் புராணத்தைப் புரட்டுகிறார்கள். வில்லின் முனையால் அணை உடைபட்ட இடமாம். அதனால் அந்தப் பெயராம். அந்த அணை உண்டா இல்லையா என்று உச்சநீதிமன்றம் வரை சென்று வழக்காடவும் ஆள் இருக்கிறது. இருக்கட்டும். மனிதன் கட்டிய பாலம் ஒன்று அதே தீவுக்குப் போகிறதே, அதன் வரலாற்றைப் பாடுவார் யார்?

மதுரையிலிருந்து மண்டபம் வரை இருப்புப்பாதை வந்தது 1902 ஆம் ஆண்டில். அதன்பின் கடல் குறுக்கிட்டது. மந்திரம் ஓதி அதை வழிமறிக்கவில்லை. 1911 ஆம் ஆண்டில் வேலை தொடங்கிற்று. உப்புக் காற்று அரிக்கும் கடலில், நீரோட்டம் இழுக்கும் நீரிணையில், தூண் தூணாக நிறுத்தி, இரும்புத் துலாங்களை ஒவ்வொன்றாக ஏற்றி, 2 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பாம்பன் பாலத்தைப் பாட்டாளிகள் கட்டி முடித்தார்கள். 1914 ஆம் ஆண்டு பிப்ரவரி 24 ஆம் நாள் பாலம் திறக்கப்பட்டது. கப்பல் வந்தால் வழிவிட நடுவே ஒரு தூக்குப்பாலம். அதைத் தூக்கியது தேவகணம் அல்ல. நெம்புகோலைப் பிடித்து வட்டமிட்டுத் தள்ளிய தொழிலாளர் தோள்.

பாம்பனிலிருந்து புறப்பட்ட முதன்மைப் பாதை தனுஷ்கோடிக்குத்தான் போயிற்று. இராமேசுவரத்துக்குப் போனது கிளைப் பாதை! இன்றைக்கு இதைச் சொன்னால் நம்புவார் குறைவு. கோயிலுக்குக் கிளை, கடற்கரைக்கு முதன்மை, ஏன்? கடலுக்கு அப்பால் தலைமன்னார். அங்கிருந்து கொழும்புக்கு இன்னொரு இருப்புப்பாதை. இடையிலே இருபது மைலை ஒட்டிய கடல். அதைக் கடக்க நீராவிக் கப்பல். சென்னை எழும்பூரில் ஒரு சீட்டு வாங்கினால் போதும். இரயில், கப்பல், மீண்டும் இரயில் என்று கொழும்பில் போய் இறங்கலாம். அதுவரை தூத்துக்குடிக்குப் போய், அங்கிருந்து இரவெல்லாம் கடலில் ஆடிக்கொண்டு கொழும்பு சேர்ந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி! 'போட் மெயில்' என்று பாமரரும் பேர் சொல்லி அழைத்த வண்டி அது.

நிலையம் இருந்தால் ஊர் இருக்கும். தனுஷ்கோடியில் சுங்கச் சாவடி இருந்தது, அஞ்சல் தந்தி அலுவலகம் இருந்தது, மருத்துவமனை இருந்தது, பள்ளி இருந்தது, மாதா கோயில் இருந்தது, இரயில்வே ஊழியர் குடியிருப்பு இருந்தது. இருபுறமும் கடல் மோதும் மணல் நாக்கு ஒன்றின்மீது இத்தனையும் எழுந்தன. எழுப்பியவன் மனிதன். எழச் செய்தது வாணிபம், வேலை, வயிற்றுப்பாடு.

வயிற்றுப்பாடு! அந்தச் சொல்லிலே நின்று பார்க்க வேண்டும், தோழர்களே. அந்த நிலையத்தின் வழியாகச் சென்றவர் அனைவரும் பட்டாடை உடுத்திய பயணிகள் அல்லர். முதல் வகுப்பிலே துரைமார் போனார்கள். மூன்றாம் வகுப்பிலே நம் மக்கள் போனார்கள். இராமநாதபுரத்து வறட்சியும், திருச்சி, சேலம் மாவட்டத்துப் பண்ணைக் கொடுமையும், சாதி இழிவும் துரத்த, கங்காணியின் பின்னே குடும்பம் குடும்பமாக நடந்தார்கள். மண்டபம் முகாமிலே அவர்களை நிறுத்தினார்கள், நோய் உண்டா என்று சோதித்தார்கள், ஊசி குத்தினார்கள், நாள் கணக்கு முடிந்ததும் வண்டியேற்றித் தனுஷ்கோடிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து கப்பல், அக்கரையிலே மலை, மலையிலே தேயிலை. உலகம் சுவைத்துக் குடித்த இலங்கைத் தேநீரின் ஒவ்வொரு கோப்பையிலும், தனுஷ்கோடி மேடையிலே கைக்குழந்தையோடு காத்திருந்த ஒரு தாயின் வியர்வை உண்டு. எந்தத் தலபுராணம் அவளைப் பாடிற்று?

போகும் வழியிலும் சமத்துவம் வாழ்ந்ததா? தென்னாட்டு இரயில் நிலைய உணவு விடுதிகளில் 'பிராமணாளுக்கு' ஓர் இடம், மற்றவர்க்கு ஓர் இடம் என்று பிரித்து வைத்திருந்த காலம் அது. ஒரே எஞ்சின் இழுத்தது. ஒரே தண்டவாளம் தாங்கியது. ஒரே கரிப்புகை எல்லோர் முகத்திலும் படிந்தது. சோறு மட்டும் இரண்டு இடத்தில்! பெரியாரும் அவர் தோழர்களும் போராடிய பிறகே, 1941 ஆம் ஆண்டில் அந்தப் பிரிவினை ஒழிந்தது. பேய் என்று ஒன்று நம் இரயில் நிலையங்களில் குடியிருந்தது உண்டென்றால், அது இதுதான்!

சென்ற மக்களின் கதி என்ன ஆயிற்று? காட்டைத் திருத்தித் தோட்டமாக்கினார்கள். இரண்டு மூன்று தலைமுறை அங்கேயே பிறந்து அங்கேயே மடிந்தது. 1948 ஆம் ஆண்டு இலங்கையின் குடியுரிமைச் சட்டம் வந்தது. இலட்சக்கணக்கானோர் ஒரே வீச்சில் நாடற்றவர் ஆயினர். 1964 ஆம் ஆண்டு அக்டோபர் 30 ஆம் நாள் சிறீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்று பங்கு பிரித்தார்கள். ஆட்டு மந்தையைப் பிரிப்பவனாவது ஆட்டைத் தடவிப் பார்ப்பான். இங்கே, பிரிக்கப்பட்டவர்களைக் கேட்ட குரலே இல்லை!

கையெழுத்தின் மை காய்ந்து 53 நாட்கள். அவர்கள் போன வாசலே இடிந்து வீழ்ந்தது.

1964 ஆம் ஆண்டு டிசம்பர் 17 ஆம் நாள் அந்தமான் கடலின் தென்பகுதியில் தாழ்வுநிலை ஒன்று தோன்றிற்று. இரண்டே நாளில் கடும் புயலாக முற்றிற்று. மேற்கு நோக்கி நகர்ந்து, 22 ஆம் நாள் இலங்கையின் வவுனியாப் பக்கமாகக் கடந்து, பாக் நீரிணைக்குள் நுழைந்தது. அன்றிரவு நள்ளிரவை ஒட்டி, பாம்பனிலிருந்து தனுஷ்கோடி நோக்கி 653 ஆம் எண் பயணி வண்டி போய்க்கொண்டிருந்தது. நிலையத்தை நெருங்கும் இடத்தில் கைகாட்டி விளக்கு எரியவில்லை. முன்னே இருள், இருபுறமும் கடலின் முழக்கம். ஓட்டுநர் நீண்ட ஊதல் கொடுத்துவிட்டு வண்டியை நகர்த்தினார் என்கிறார்கள். பேரலை ஒன்று எழுந்தது. வண்டியோடு மக்களையும் வாரிச் சென்றது.

வண்டியில் இருந்தவர் 115 பேர் என்பது ஒரு கணக்கு. சீட்டு வாங்காமல் ஏறியவர்களும் இருந்திருப்பர், ஆதலால் அதற்கும் மேல் என்பது இன்னொரு கணக்கு. அந்தப் புயலில் மடிந்தோர் 1,800 பேர் அளவில் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. தந்திக் கம்பி அறுந்துபோனதால், நடந்தது இன்னதென்று வெளியுலகம் முழுதாக அறியவே நெடுநேரம் ஆயிற்று. ஊர் மணலுக்கு அடியிலும் நீருக்கு அடியிலும் போய்விட்டது. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. நிலையம் அன்று மூடியதுதான்; பிறகு திறக்கவே இல்லை.

இந்தத் துயரத்தின்மீது ஏறி நின்றுகொண்டுதான் மூடநம்பிக்கை தன் கடையை விரிக்கிறது! "ஊர் கெட்டது, கடவுள் தண்டித்தார்" என்கிறார் ஒருவர். "இராமேசுவரம் கோயிலின் வாசல் வரை வந்த கடல் வணங்கித் திரும்பிற்று, பார்த்தீரா மகிமையை" என்கிறார் மற்றொருவர்.

பார்த்தோம். பார்த்துவிட்டுத்தான் கேட்கிறோம். காசிக்குப் போனவனும் தனுஷ்கோடியில் கடலாடினால்தான் யாத்திரை நிறைவுபெறும் என்று எழுதி வைத்தவர் யார்? நீர்தானே! அப்படியானால் அதுவும் புண்ணிய பூமி அல்லவா? புண்ணிய பூமியைப் புதைத்துவிட்டுப் பக்கத்துப் புண்ணிய பூமியைக் காத்ததற்குக் காரணம் என்ன? வண்டியிலே செத்த குழந்தை எந்தப் பாவம் செய்தது? விடிந்தால் வலை வீச வேண்டுமே என்று குடிசையில் உறங்கிய மீனவன் எந்தக் குற்றம் புரிந்தான்? தண்டிக்கும் கடவுளென்றால், பஞ்சத்தைப் பயன்படுத்திக்கொண்டு மக்களைக் கப்பலேற்றிப் பணம் குவித்தவர்களை அல்லவா தேடிப் போயிருக்க வேண்டும்? அவர்கள் மாளிகையிலே ஓர் ஓடுகூட அசையவில்லையே!

காரணம் தேடுவோருக்குக் காரணம் கண்முன்னே கிடக்கிறது. தனுஷ்கோடி, கடல்மட்டத்துக்குச் சற்றே மேலெழுந்த ஒடுங்கிய மணல்திட்டு. பாக் நீரிணை ஆழமற்ற கடல். ஆழமற்ற கடலில் பெருங்காற்று நீரைத் தள்ளும்போது, அது அடியில் இறங்கிப் பரவ இடமின்றி மேலே குவியும். குவிந்த நீர் முதலில் ஏறுவது தாழ்ந்த, ஒடுங்கிய நிலத்தில். அகன்ற நிலத்துக்கு வருவதற்குள் அதன் வேகம் தேயும். கல்லால் கட்டிய கனத்த சுவருக்குள் ஒதுங்கியவன் பிழைப்பான். ஓலைக் குடிசைக்குள் இருந்தவன் மாள்வான். அந்தக் கல் கோயிற் கல்லாயினும் ஒன்றுதான், பள்ளிக்கூடத்துக் கல்லாயினும் ஒன்றுதான். காத்தது கல்லும் மேடும். கைவிட்டது ஓலையும் பள்ளமும். இதிலே அருள் எங்கே, கோபம் எங்கே?

இன்னும் ஐயம் இருப்போர் ஒடிசாவைப் பார்க்கட்டும். 1999 ஆம் ஆண்டு அக்டோபரில் அங்கே வீசிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். 2013 ஆம் ஆண்டு அக்டோபரில் 'பைலின்' என்னும் கடும்புயல் அதே மாநிலத்தைத் தாக்கிற்று. சாவு சில பத்துகளோடு நின்றது. அதே கடல், அதே கரை, அதே பூரி செகந்நாதர். இடையிலே மாறியது என்ன? கடவுளா மனம் மாறினார்? இல்லை! புயல் வரும் பாதையை முன்கூட்டியே கணித்தார்கள். கடலோரமெங்கும் உறுதியான புகலிடங்களைக் கட்டி வைத்திருந்தார்கள். ஏறத்தாழ 10 இலட்சம் மக்களைக் காலத்தில் அப்புறப்படுத்தினார்கள். பதினான்கு ஆண்டுகளில் ஆயிரமாயிரம் உயிர்களைக் காக்கும் ஆற்றலை மனிதன் தேடிக்கொண்டான். தனுஷ்கோடி மக்களுக்கு அன்று இல்லாமற்போனது கடவுளின் கருணை அல்ல, காலத்தில் வந்து சேரும் ஒரு செய்தி. வண்டியை நிறுத்து என்று ஒரே ஒரு செய்தி!

அடுத்து நடந்ததைக் கேளுங்கள். அந்தப் புயலில் பாம்பன் பாலத்தின் இரும்புத் துலாங்கள் பெரும்பாலானவை கடலில் வீழ்ந்தன. அவற்றைத் தேடியெடுத்து, தூக்கி நிறுத்தி, பாலத்தை மீண்டும் ஓடவைத்தது சிறீதரன் என்ற இளம் பொறியாளரின் தலைமையிலான கூட்டம். எத்தனை நாளில்? 46 நாளில்! ஆறு மாதம் ஆகும் என்று மதிப்பிட்ட வேலை அது. மனித அறிவும் உழைப்பும் கைகோத்தால் ஆகாதது இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? அந்தத் தொழிலாளர்களைத் தலைவணங்கிப் போற்றுகிறோம்.

ஆனால், பாலத்துக்கு 46 நாள். தனுஷ்கோடியில் எஞ்சி வாழ்ந்த மீனவ மக்களுக்கு ஒரு தார்ச்சாலை போய்ச்சேர எத்தனை நாள்? நாள் கணக்கா அது? 1964 ஆம் ஆண்டு அழிந்த ஊரின் முனைக்குச் சாலை திறக்கப்பட்டது 2017 ஆம் ஆண்டில். 53 ஆண்டுகள்! "வாழத் தகுதியற்ற இடம்" என்று அறிவித்தால் மீன் வேறிடம் போய்விடுமா? மீன் இருக்கும் இடத்தில் மீனவன் இருந்தான். மணலிலே ஊற்றுத் தோண்டித் தண்ணீர் குடித்தான். இடிந்த சுவர்களுக்கு நடுவே குடிசை போட்டுப் பிள்ளை வளர்த்தான். பேயைத் தேடிப் போனவர்களின் கண்ணுக்கு அந்த மனிதன் தெரியவே இல்லை! தெரிந்தபோதும், பேய்க்கதைக்கு ஏற்ற பின்னணியாகத்தான் தெரிந்தான்.

அக்கரையையும் சற்றே நோக்குங்கள். தலைமன்னார்ப் பாதையைப் போர் சிதைத்தது. தண்டவாளம் போயிற்று, நிலையம் போயிற்று. ஆயினும் 2015 ஆம் ஆண்டு மார்ச்சு 14 ஆம் நாள் அந்த நிலையத்துக்கு மீண்டும் வண்டி வந்தது. இக்கரையில் 2019 ஆம் ஆண்டு மார்ச்சில் இராமேசுவரம் - தனுஷ்கோடி புதுப் பாதைக்கு அடிக்கல் நாட்டினார்கள். நாட்டிய கல் நின்றது, வண்டி வந்தபாடில்லை. பாம்பனில் மட்டும், 2025 ஆம் ஆண்டு ஏப்ரல் 6 ஆம் நாள், செங்குத்தாக மேலெழும் தூக்குப்பாலத்தோடு புதிய பாலம் திறக்கப்பட்டது. பழைய நிலையம் மட்டும் பழைய சுவராகவே நிற்கிறது.

"அப்படியானால் நிலையத்தை மீண்டும் கட்டு என்கிறீரா?" என்று கேட்பார்கள். பகுத்தறிவு பேசுகிறவன் பாசத்துக்காக அறிவை அடகு வைக்கமாட்டான். கடல் ஒருமுறை காட்டிய எச்சரிக்கையை மறந்து, அதே மணல் நாக்கில் அதே பெருநகரை எழுப்பச் சொல்வது அறிவாகாது. பாதை வேண்டுமா வேண்டாமா என்பதைப் பொறியாளரும், கடலறிவியலாரும், அங்கே வாழும் மீனவரும் ஒன்றாக அமர்ந்து முடிவு செய்யட்டும். சோதிடரும் யாத்திரைக் குத்தகைக்காரரும் முடிவு செய்யவேண்டாம்.

நாம் கேட்பது வேறு. அந்தச் சுவர்கள் உதிர்ந்து மணலாவதற்குள் அவற்றைப் பேணிக் காக்கவேண்டும். அந்த இரவில் மாண்ட பயணிகளின், இரயில்வே ஊழியர்களின், ஊராரின் பெயர்களைக் கிடைக்கும் வரை திரட்டிப் பெயர் பெயராகக் கல்லில் பொறிக்கவேண்டும். மலையகத்துக்குப் போன மக்களின் கதையை, மண்டபம் முகாமின் கதையை, அங்கேயே ஒரு கூடத்தில் எழுதி வைக்கவேண்டும். புயல் எப்படிப் பிறக்கிறது, கடல் எப்படி ஏறுகிறது என்பதைப் பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும்படி அங்கே வரைந்து காட்டவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இன்று அங்கே உயிரோடு இருக்கும் மீனவர்க்கு நல்ல குடிநீரும், புயல் தாங்கும் புகலிடமும், பிள்ளைகளுக்குக் குறைவற்ற கல்வியும் வேண்டும். இவை பேராசையா? பேய்க் கதையைக் கேட்கக் கூடும் கூட்டத்திடம் வாங்கும் காசில் ஒரு பங்கை ஒதுக்கினாலே தொடங்கிவிடக்கூடிய வேலை!

இளைஞர்களே! உங்கள் ஊரிலும் ஓர் இடிந்த நிலையம் இருக்கக்கூடும். மூடிய ஆலை இருக்கக்கூடும். தூர்ந்த துறைமுகம் இருக்கக்கூடும். அங்கும் ஒரு பேய்க்கதை உலவிக்கொண்டிருக்கும். அந்தக் கதையைக் கேட்டதும் ஒன்று செய்யுங்கள்: அங்கே வேலை பார்த்த முதியவர் எவரேனும் உயிரோடிருந்தால் தேடிப் பிடியுங்கள். பக்கத்தில் உட்காருங்கள். கூலி எவ்வளவு, எத்தனை மணிநேர வேலை, உடன் வேலை செய்தவர் யார் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் மறையும் நாளில் அந்த ஏடு உங்களிடம் இருக்கட்டும். வரலாற்றை எழுதாமல் விட்ட இடத்தில்தான் பேய் வந்து குடியேறுகிறது.

நம் மாணவனின் கேள்விக்கு இன்னும் நாம் முழு விடை சொல்லவில்லை. "பேர் எங்கே எழுதியிருக்கு?" என்று கேட்டானே, அவனிடம் அன்று இவ்வளவுதான் சொல்ல முடிந்தது: "இனிமேல்தான் எழுத வேண்டும், தம்பி. நீயும் எழுத வேண்டும்."

திரும்பும் வழியில் வண்டியிலே அமர்ந்து, அவன் தன் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருந்தான்: '653 ஆம் எண் வண்டி. ஓட்டுநர்:' அடுத்து ஒரு கோடு இழுத்து, இடம் விட்டிருந்தான்.

அந்த வெற்றிடத்தை நிரப்பவேண்டியது நாம்!